கெப்பாசிட்டர் காலியாகும்போது எவ்வளவு ஆற்றல் வெளியே வருகிறது?

கேள்வி இது: 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை 50 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்து, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்கிறோம். வெளியேறும் ஆற்றல் எவ்வளவு? மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கினால் 2.5 ஜூல் வருகிறது. 'அரை சி வி ஸ்கொயர்' (½ × ஃபாரட்டில் தேக்குதிறன் × வோல்ட்டின் வர்க்கம்) போட்டால் 1.25 ஜூல்தான் வருகிறது. எது சரி? மீதிப் பாதி எங்கே போயிற்று? 0.1 வினாடியிலேயே நிறுத்திவிட்டால் எவ்வளவு? ரெசிஸ்டரைச் சின்னதாக்கினால் ஆற்றல் கூடுமா? கடைசியாக, பழுதான பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரைக் காலி செய்ய என்ன போடலாம்?

1.25 ஜூல்தான் சரி. 2.5 என்ற எண்ணும் வேறோர் இடத்தில் உண்மையாகவே வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்குவது பேட்டரிக்குப் பொருந்தும். பேட்டரி ஓரளவு தீரும்வரை ஏறக்குறைய அதே வோல்ட்டில் மின்னூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். கெப்பாசிட்டர் அப்படியல்ல. இதில் இருக்கும் 0.05 கூலும் மின்னூட்டத்தில் முதல் துளி 50 வோல்ட்டில் வெளியேறுகிறது, கடைசித் துளி கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் வெளியேறுகிறது. மின்னூட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்தால் நேர்கோடு, அதன் கீழே முக்கோணம். சராசரி 25 வோல்ட். 0.05 கூலும் × 25 வோல்ட் = 1.25 ஜூல். சூத்திரத்தில் உள்ள 'அரை' இந்த முக்கோணத்திலிருந்து வருகிறது. பாதி ஆற்றல் எங்கேயும் காணாமல் போகவில்லை, அது கெப்பாசிட்டருக்குள் ஒருபோதும் இருந்ததே இல்லை.

இது வரை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். தேர்வுக் கேள்விகளில் கெப்பாசிட்டர் எப்போதும் முழுசாகக் காலியாகும். நிஜத்தில் அபூர்வமாகத்தான் அப்படி நடக்கும். அதனால் கணக்குப் போடும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை? அந்த ஆற்றலை எந்த இடத்தில் அளக்கிறோம்? இவை இரண்டும் தெரியாமல் "வெளியேறிய ஆற்றல்" என்று சொல்வதில் பொருளில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இருந்த ஆற்றலிலிருந்து முடிவில் மிஞ்சிய ஆற்றலைக் கழிக்க வேண்டும்:

வெளியேறியது = ½ × தேக்குதிறன் × (தொடக்க வோல்ட்டின் வர்க்கம் − இறுதி வோல்ட்டின் வர்க்கம்)

இங்கே நடக்கும் மிகச் சாதாரணமான தவறு, வோல்ட்டைக் கழித்துவிட்டு அப்புறம் வர்க்கம் எடுப்பது. நம் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டிலிருந்து 30 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று வையுங்கள். சரியான கணக்கு: 0.0005 × (2500 − 900) = 0.8 ஜூல். தவறான கணக்கு: 20 வோல்ட்டின் வர்க்கம் 400, அதை 0.0005ஆல் பெருக்கினால் 0.2 ஜூல். நான்கு மடங்கு வித்தியாசம்! அதே கெப்பாசிட்டர் 30லிருந்து 10க்கு இறங்கும்போது, அதுவும் அதே 20 வோல்ட் இறக்கம்தான், வெளியே வருவது 0.4 ஜூல் மட்டும். 10லிருந்து பூஜ்ஜியத்துக்கு வெறும் 0.05 ஜூல். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 1.25 வந்துவிடும்.

ஆற்றலில் பெரும்பகுதி மேல்பக்க வோல்ட்டில்தான் குவிந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. வோல்ட் பாதியாகும்போதே முக்கால்வாசி ஆற்றல் போய்விடும். சூப்பர் கெப்பாசிட்டர் (மிகப் பெரிய தேக்குதிறன் கொண்ட வகை) வைத்து எதையாவது வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் பாதி வோல்ட்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். 3000 ஃபாரட், 2.7 வோல்ட் செல் ஒன்றில் ஏறக்குறைய 10,900 ஜூல் இருக்கும். 1.35 வோல்ட் வரை எடுத்தாலே 8,200 ஜூல் கையில். மீதி 2,700க்காக இன்னும் கீழே இறங்கினால், அந்தக் குறைந்த வோல்ட்டில் வேலை செய்து வோல்ட்டை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். அது செலவுக்குக் கட்டாது.

0.1 வினாடிக் கேள்விக்கு வருவோம். 100 ஓமும் 1000 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் கால மாறிலி (தடையைத் தேக்குதிறனால் பெருக்கினால் வரும் நேரம்) சரியாக 0.1 வினாடி. அந்த நேரத்தில் மின்னழுத்தம் 36.8 சதவீதத்துக்கு, அதாவது 18.4 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். ஆற்றல் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மிஞ்சியிருப்பது 13.5 சதவீதம், 0.169 ஜூல். வெளியேறியது 1.08 ஜூல். "ஒரு கால மாறிலியில் 63 சதவீதம் போய்விடும்" என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது மின்னூட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உரியது. ஆற்றலில் அதே நேரத்தில் 86.5 சதவீதம் போய்விடுகிறது. சரிபாதி ஆற்றல் வெளியேற 0.035 வினாடியே போதும், அப்போது கெப்பாசிட்டரில் இன்னும் 35 வோல்ட் இருக்கும். மீட்டரில் 35 வோல்ட்டைப் பார்ப்பவர் "இன்னும் எழுபது சதவீதம் இருக்கிறதே" என்று நினைத்துக்கொள்வார்.

ரெசிஸ்டரைச் சின்னதாக்கினால் ஆற்றல் கூடாது. கூடுவது வேகம்தான். இதைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு: தொடக்கத் திறனைக் கால மாறிலியின் பாதியால் பெருக்குங்கள். 100 ஓமில் தொடக்கத் திறன் 2500 ÷ 100 = 25 வாட், அதை 0.05 வினாடியால் பெருக்கினால் 1.25 ஜூல். 10 ஓமில் 250 வாட் × 0.005 வினாடி, அதுவும் 1.25 ஜூல். தடை எதுவானாலும் மேலேயும் கீழேயும் வந்து அடிபட்டுப் போய்விடுகிறது. கால மாறிலியில் ஏன் பாதி என்றால், திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் இரண்டு மடங்கு வேகத்தில் சரிகிறது.

இதனால் வாட்டையும் ஜூலையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது ரொம்ப முக்கியம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பழைய ஃபிலிம் கேமராக்களின் ஃபிளாஷில் 120 மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டரை 300 வோல்ட் வாக்கில் சார்ஜ் செய்வார்கள். ஆற்றல் 5.4 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை இதை வைத்து சூடாக்கினால் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் செனான் குழாய் வழியாக ஏறக்குறைய ஒரு மில்லி வினாடியில் அது வெளியேறுவதால் சராசரித் திறன் 5 கிலோவாட்டைத் தொடுகிறது, அறை முழுக்க வெளிச்சம் பாய்கிறது. 1930களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்டன் இந்த முறையைக் கொண்டுதான் வெறும் கண்ணுக்குப் பிடிபடாத அசைவுகளைப் படமெடுத்தார். அங்கேயும் முழு டிஸ்சார்ஜ் கிடையாது என்பதைக் கவனியுங்கள். வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனதும் குழாய் தானாக அணைந்துவிடும். அது 50 வோல்ட்டில் அணைகிறது என்று வைத்தால், உள்ளே மிஞ்சுவது 0.15 ஜூல். தொடக்க வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது, ஆற்றலிலோ மூன்று சதவீதம்கூட இல்லை.

இப்போது இரண்டாவது விஷயம்: எந்த இடத்தில் அளக்கிறோம்?

கெப்பாசிட்டருக்குள்ளேயே ஒரு சின்னத் தடை இருக்கிறது, கம்பிகளிலும் சுவிட்சிலும் கொஞ்சம் இருக்கிறது. எல்லாவற்றின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், ஆற்றல் அந்தந்தத் தடையின் விகிதப்படி பிரிந்துவிடும். உங்கள் 100 ஓம் ரெசிஸ்டருக்கு முன்னால் உள்தடை கால் ஓம் என்றால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதுவே லோடு, அதாவது வெளியே இணைத்த தடை, 1 ஓம் என்றால் கதை வேறு: மொத்தம் 1.25 ஓம், லோடுக்கு 80 சதவீதம். 1.25 ஜூலில் 1 ஜூல்தான் வெளியே வரும், மீதி கெப்பாசிட்டரைச் சூடாக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் தொட்டு "டப்" என்று ஷார்ட் செய்பவர்கள் பெரும்பகுதி ஆற்றலைக் கெப்பாசிட்டரின் வயிற்றிலும் தீப்பொறியிலும்தான் இறக்குகிறார்கள்.

இந்த வித்தியாசம் உயிர் தொடர்பான விஷயமாக மாறும் இடம், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர். 1960களின் தொடக்கத்தில் இதய மருத்துவர் பெர்னார்ட் லவுன் நேர்மின்னோட்ட முறையைப் பரவலாக்கியதிலிருந்து அந்தக் கருவியின் நடுவில் இருப்பது ஒரு கெப்பாசிட்டர்தான். அளவு புரிவதற்காக நானே எடுத்த எண்கள் இவை: 100 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட். சேமிப்பு 200 ஜூல். நோயாளியின் மார்புத் தடை 75 ஓம், கருவிக்குள் 5 ஓம். தொடக்க மின்னோட்டம் 25 ஆம்பியர், கால மாறிலி 8 மில்லி வினாடி. இன்றைய கருவிகள் பலவற்றில் மின்துடிப்பின் வால்பகுதியை ஓடவிடாமல் வெட்டிவிடுவார்கள். வோல்ட் 35 சதவீதத்துக்கு இறங்கியதும், அதாவது சுமார் 8.4 மில்லி வினாடியில் நிறுத்தினால் வெளியேறியது 200 × (1 − 0.1225) = 175.5 ஜூல். அதிலும் மார்புக்கு 75/80 பங்கு, 164.5 ஜூல். நடுவில் திசையை ஒருமுறை திருப்பிவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, வர்க்கத்துக்குக் குறி கிடையாதல்லவா.

ஆக ஒரே கருவியில் 200, 175.5, 164.5 என்று மூன்று எண்கள். மூன்றும் உண்மை. அதனால்தான் இந்தக் கருவிகளின் விவரத் தாளில், செலுத்தப்படும் ஆற்றல் 50 ஓம் சோதனைத் தடையில் அளக்கப்பட்டது என்பது போன்ற நிபந்தனையோடு எண் அச்சாகிறது. எந்தத் தடையில் அளந்தார்கள் என்று சொல்லாத ஜூல் கணக்கை நான் நம்புவதில்லை.

பெரிய அளவிலும் இதே குழப்பம் நடக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உள்ள தேசியப் பற்றவைப்பு மையத்தின் லேசர்களை ஓட்டும் கெப்பாசிட்டர் வங்கி சுமார் 400 மெகாஜூல் வரை சேமிக்கக்கூடியது. நம் மின்கட்டண மொழியில் ஏறக்குறைய 111 யூனிட், பெரிய விஷயமே இல்லை. ஆனால் அது சில நூறு மைக்ரோ வினாடிகளில் வெளியேறுகிறது. 2022 டிசம்பரில் அங்கே அணுக்கரு இணைவில் "கொடுத்ததைவிட அதிகம் கிடைத்தது" என்று செய்தி வந்தபோது சொல்லப்பட்ட எண்கள், இலக்கின் மேல் விழுந்த லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், இணைவில் கிடைத்தது 3.15 மெகாஜூல். எண்கள் சரியானவைதான். ஆனால் 'கொடுத்தது' என்பதைக் கெப்பாசிட்டர் முனையில் அளந்தால் நூற்றுக்கணக்கான மெகாஜூல். அளந்த இடத்தைச் சொல்லாவிட்டால் ஒருவர் அதை வெற்றி என்பார், இன்னொருவர் ஏமாற்று என்பார்.

சரி, முதலில் பாக்கி வைத்த அந்த 2.5 ஜூல். மாறாத 50 வோல்ட் சப்ளையிலிருந்து ரெசிஸ்டர் வழியாக இந்தக் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்யும்போது, சப்ளை வெளியே அனுப்பிய ஆற்றல் 0.05 × 50 = 2.5 ஜூல்தான். அதில் 1.25 கெப்பாசிட்டரில் தங்கியது, 1.25 சார்ஜ் செய்யும் வழியிலேயே வெப்பமானது. ரெசிஸ்டர் பெரிதோ சிறிதோ, அந்த இழப்பு மாறாது. ஆகவே "மீதிப் பாதி எங்கே" என்ற கேள்வி சார்ஜ் ஆகும் கட்டத்துக்கு உரியது, டிஸ்சார்ஜ் கட்டத்தில் அதைத் தேடக் கூடாது. இழப்பைக் குறைக்க ஆசைப்பட்டால் வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றலாம்: முதலில் 25, அப்புறம் 50 என்று இரண்டு படியில் ஏற்றினால் இழப்பு 0.625 ஜூலாகப் பாதியாகிவிடும். காயில் வைத்த ஸ்விட்சிங் சார்ஜர் இன்னும் மேல்.

சார்ஜான கெப்பாசிட்டரை அதே அளவுள்ள காலி கெப்பாசிட்டரோடு இணைக்கும் பிரபலமான புதிரும் இதன் உறவுதான். இரண்டும் 25 வோல்ட்டில் நிற்கும், மொத்தம் 0.625 ஜூல், பாதி போச்சு. கம்பித் தடையில் வெப்பமாகப் போகும். தடையே இல்லாத கம்பி என்று பிடிவாதம் பிடித்தால், கம்பிச் சுற்றின் தூண்டலால் மின்னோட்டம் முன்னும் பின்னும் அலைந்து, கதிர்வீச்சாகக் கரையும்.

கணக்கை நம்பாமல் அளந்து பார்க்க ஆசையா? ஆசிலோஸ்கோப் தேவையில்லை. 100 ஓமை எடுத்துவிட்டு 100 கிலோஓம் போடுங்கள். கால மாறிலி 100 வினாடி ஆகிவிடும், சாதாரண மல்டிமீட்டரும் கடிகாரமும் போதும். 20 வினாடிக்கு ஒருமுறை வோல்ட்டைக் குறியுங்கள். கெப்பாசிட்டர் சரியாக 1000 மைக்ரோஃபாரட்டாக இருந்தால் 50, 40.9, 33.5, 27.4, 22.5, 18.4 என்று வர வேண்டும். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, முதலையும் கடைசியையும் பாதியாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 20ஆல் பெருக்கி, 1,00,000ஆல் வகுத்தால் 1.094 ஜூல். சூத்திரம் சொல்வது 1.081. புள்ளிகளுக்கு இடையே வளைவை நேர்கோடாக எடுத்ததால்தான் அந்த ஒரு சதவீதச் சொச்சம், 10 வினாடிக்கு ஒருமுறை குறித்தால் அது இன்னும் சுருங்கும். மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையும் இணையாகச் சேர்ந்து இன்னொரு சதவீதத்தைத் தின்னும்.

இதைச் செய்தால் உங்கள் எண்கள் என் எண்களோடு ஒத்துப்போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே அச்சிட்ட 1000 என்பது பெரும்பாலான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது உங்கள் விடை 1 ஜூலுக்கும் 1.5 ஜூலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நான்கு தசமம் வரை கணக்குப் போடுவதெல்லாம் தேர்வுத்தாளுக்கு மட்டும். வோல்ட்டை அளப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் ஆற்றலில் இரண்டு சதவீதம் பிசகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேக்குதிறனே வோல்ட்டோடு மாறும் சில செராமிக் வகைகளுக்கு 'அரை சி வி ஸ்கொயர்' நேரடியாகப் பொருந்தாது. அவற்றுக்கு மேலே சொன்ன மாதிரி அளந்து கூட்டுவதுதான் வழி.

கடைசிக் கேள்வி, பவர் சப்ளை. 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கினால் உச்சம் 325 வோல்ட். உள்ளே 220 மைக்ரோஃபாரட் இருந்தால் 11.6 ஜூல். அந்தக் கெப்பாசிட்டர் அங்கே இருப்பதன் காரணமும் இதே கணக்குதான்: 325லிருந்து 250 வோல்ட் வரை இறங்கினால் 4.74 ஜூல் கிடைக்கும், 100 வாட் இழுக்கும் லோடை அது 47 மில்லி வினாடி தாங்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி வினாடி, ஆக இரண்டு சுற்று மின்சாரம் போனாலும் கம்ப்யூட்டர் கண் சிமிட்டாது. ஆனால் அந்த 250 வோல்ட்டுக்குக் கீழே சப்ளை வேலை நிறுத்திவிட்டால், உள்ளே மிஞ்சிய 6.9 ஜூல் போக்கிடமின்றி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிப்பது அதுதான்.

காலி செய்ய 2.2 கிலோஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் நல்ல தேர்வு. கால மாறிலி அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் 48 வாட் பாயும் என்றாலும் மொத்தம் 11.6 ஜூல்தான் என்பதால் ரெசிஸ்டர் லேசாகச் சூடாவதோடு சரி. கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் அது கருகலாம், கருகி அறுந்துவிட்டால் கெப்பாசிட்டர் காலியாகிவிட்டதாக நினைத்துக் கை வைப்பீர்கள். ரெசிஸ்டரின் இரு கால்களிலும் நன்றாக இன்சுலேட் செய்த கம்பி இருக்கட்டும், சப்ளை பிளக் வெளியே இருக்கட்டும். சில மெக்கானிக்குகள் 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு வைத்துத் தொடுவார்கள், அதுவும் நல்ல முறைதான். எரியும்போது 880 ஓம் காட்டும் அந்த இழை, குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடைதான் காட்டும். டிஸ்சார்ஜ் நடுவே தடை மாறிக்கொண்டே இருக்கும், வளைவின் வடிவமும் மாறும், மொத்த ஆற்றல் மட்டும் அதே 11.6.

ஐந்து கால மாறிலி, அதாவது இரண்டரை வினாடி போதும் என்று கணக்கு சொல்லும். பத்து வினாடி பிடியுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள், ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் வகையில் மின்கடத்தாப் படலம் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் மெல்லத் திரும்பி வந்து, பழைய வோல்ட்டில் சில சதவீதம் வரை ஏறலாம். பத்து சதவீதம் ஏறினாலும் ஆற்றலில் அது ஒரு சதவீதம்தான், ஆனால் 325இல் பத்து சதவீதம் என்பது 32 வோல்ட். அப்படி ஏறியிருந்தால் இன்னொரு முறை ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.